இரத்தத்தின் உறைநிலையும் மருத்துவரின் கணக்கும்

மீன்பிடித் தொழில் நடக்கும் கரையோரங்களில் ஐஸ் கம்பெனி இல்லாமல் இராது. திருமலைராயன்பட்டினத்தைச் சுற்றியுள்ள நம் பகுதி வாசகர்கள் அதை வெளியிலிருந்தேனும் பார்த்திருப்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். உயரமான தகரப் பெட்டிகளில் நன்னீரை நிரப்பி, உப்புக் கரைசல் நிறைந்த பெரிய தொட்டிக்குள் அவற்றை அமிழ்த்தி வைத்திருப்பார்கள். குளிரூட்டும் குழாய்கள் அந்தக் கரைசலைச் சுழிக்குக் கீழே பல டிகிரி குளிர்விக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் நன்னீர் கல்லைப்போல் இறுகிவிடுகிறது. அதைச் சூழ்ந்து நிற்கும் உப்புக் கரைசலோ நீராகவே ஓடிக்கொண்டிருக்கிறது!

உப்புக் கரைந்த நீர் எளிதில் உறையாது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். நம் கடல்நீர் ஏறத்தாழ −1.9 டிகிரி செல்சியசில்தான் உறையத் தொடங்கும். நம் கரையில் அது நிகழ்வதைக் காண யாரும் காத்திருக்க வேண்டா. ஆனால் ஒரு குவளைக் கடல்நீரைக் குளிர்பெட்டியில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

இனி ஒரு கேள்வி. நம் உடலில் ஓடும் இரத்தம் எத்தனை டிகிரியில் உறையும்? உறைதல் என்றதும் காயத்தின்மேல் இரத்தம் கட்டிக்கொள்வதை நினைத்துவிடக் கூடாது. அது வேதிவினை, அதற்குக் குளிர் தேவையில்லை. நாம் கேட்பது நீர் பனிக்கட்டியாகும் அந்த உறைதலைப் பற்றி. விடை, ஏறத்தாழ −0.54 டிகிரி. நலமாக இருக்கும் எவருக்கும் இந்த எண் பெரிதும் மாறுவதில்லை. பத்தில் ஒரு பங்கு டிகிரி கீழே இறங்கிவிட்டால், அந்த மனிதர் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருப்பார்.

பனிக்கட்டி வியாபாரிக்கும் பௌதிக மாணவருக்கும் உரிய இந்த எண், மருத்துவமனையில் நோயைக் கண்டறிய எப்படிப் பயன்படுகிறது? 2023-இலும் 2024-இலும் தமிழ்நாட்டில் கள்ளச்சாராயத்தால் நேர்ந்த பெருஞ்சாவுகளைப் போன்ற வேளையில் அது மருத்துவருக்கு என்ன சொல்லும்? இவற்றை விளங்கிக்கொள்ள முதலில் சிறிது பௌதிகம் வேண்டும்.

எடையன்று, எண்ணிக்கை

நீரின் உறைநிலை, அதில் கரைந்துள்ள பொருளின் அளவுக்கு ஏற்பத் தாழ்கிறது என்பதைச் சார்லஸ் பிளாக்டன் என்னும் ஆங்கிலேயர் 1788-இல் விளக்கி எழுதினார். நூறாண்டு கழித்துப் பிரெஞ்சு அறிஞர் ரவூல் இதைச் செம்மைப்படுத்தினார். அவர்கள் கண்ட உண்மையின் சாரம் இது: கரைந்த பொருள் யாது என்பது முக்கியமன்று, அதன் எடையும் முக்கியமன்று, கரைசலில் எத்தனை துகள்கள் தனித்தனியே நடமாடுகின்றன என்பதே முக்கியம்.

ஏன் அப்படி? பனிக்கட்டியும் நீரும் சந்திக்கும் பரப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே நீர் மூலக்கூறுகள் ஓயாமல் கட்டியை விட்டுப் பிரிகின்றன; ஓயாமல் வந்து ஒட்டுகின்றன. இரண்டும் சமமாகும் வெப்பநிலையே உறைநிலை. நீரில் அயற்பொருள் கலந்திருந்தால், பரப்பை வந்து மோதுபவற்றில் ஒரு பங்கு அயற்துகள்கள். அவற்றைக் கட்டி ஏற்பதில்லை. ஒட்டும் வேகம் குறைகிறது. பிரியும் வேகம் அப்படியே இருக்கிறது. மறுபடி சமமாக வேண்டுமாயின் இன்னும் குளிர வேண்டும். வழியை மறித்து நிற்பது சர்க்கரையா, யூரியாவா, உப்பா என்பதைப் பனிக்கட்டி கேட்பதில்லை.

ஒரு கிலோகிராம் நீரில் 180 கிராம் குளுக்கோசைக் கரைத்தாலும் 60 கிராம் யூரியாவைக் கரைத்தாலும் உறைநிலை ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 1.86 டிகிரி தாழ்கிறது. இரண்டிலும் ஒரு மோல் மூலக்கூறுகள் இருப்பதே காரணம். 58.5 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் தாழ்வு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. உப்பு நீரில் சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறதல்லவா? இப்படித் தனித்து இயங்கும் துகள்களை மோல் கணக்கில் எண்ணும்போது அந்த அலகை ஆஸ்மோல் என்கிறோம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிஆஸ்மோல். ஒரு கிலோகிராம் நீருக்கு எத்தனை மில்லிஆஸ்மோல் என்பதே ஆஸ்மோலாலிட்டி. இதற்குத் தமிழில் நீண்ட சொற்றொடர்களை ஆக்கியிருக்கிறார்கள். மருத்துவமனையில் வழங்கும் சொல்லையே இங்கே நான் கையாளுகிறேன்.

நம் இரத்தநீரின் ஆஸ்மோலாலிட்டி 275-க்கும் 295-க்கும் இடையே நிற்கும். கடல்நீருக்கு அது 1000-ஐ ஒட்டியது. கடலில் வழிதவறிய மீனவர் எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல்நீரைக் குடிப்பதில்லை. குடித்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவிட நேரும்.

எண்ணிக்கைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இன்னோர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இரத்தநீரில் லிட்டருக்கு 40 கிராம் அளவில் ஆல்புமின் என்னும் புரதம் இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை 66,500 போல. ஆகவே அந்த 40 கிராமும் சேர்ந்து தருவது 0.6 மில்லிஆஸ்மோல்தான். மெதில் ஆல்கஹால் எனும் மெத்தனாலின் மூலக்கூறு எடையோ 32. லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் இருந்தால் 31 மில்லிஆஸ்மோல்! யானைகள் நாலைந்து வருவதும் ஈசல் கூட்டம் வருவதும் போன்ற வேறுபாடு.

சவ்வும் நீரும்

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1748-இல், பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் ஒரு வேடிக்கை கண்டார். ஒரு பாத்திரம் நிறையச் சாராயத்தை ஊற்றி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் தோல் வெளிப்புறமாகப் புடைத்து நின்றது. தண்ணீர் தோலின் வழியே உள்ளே புகுந்திருந்தது. சவ்வூடு பரவலைப் பற்றிய முதற் குறிப்பு இதுவே என்பர். இதன் அளவு விதியை 1880-களில் வகுத்த வான்ட் ஹாஃப், 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். அவ்விதியிலும் துகள்களின் எண்ணிக்கையே பேசுகிறது. உறைநிலைத் தாழ்வும் சவ்வூடு பரவல் அழுத்தமும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். ஒன்றை அளந்தால் மற்றது தெரியும்.

உடலின் ஒவ்வொரு செல்லும் நொல்லேயின் தோல்பை போன்றதுதான். வெளியே உள்ள நீர்மத்தில் துகள்கள் குறைந்தால் செல்லுக்குள் நீர் புகுந்து அது வீங்கும். கூடினால் நீர் வெளியேறிச் சுருங்கும். கையிலோ காலிலோ சற்று வீங்கினால் தாங்கலாம். மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. அது வீங்க இடமில்லை. ஆகவேதான் ஆஸ்மோலாலிட்டி தவறும்போது முதலில் தெரிவது தலைவலி, குழப்பம், வலிப்பு, மயக்கம் ஆகிய மூளை அறிகுறிகள். மூளையிலேயே இதற்குக் காவலும் உண்டு. ஹைபோதலாமஸ் என்னும் பகுதி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மாறுதலையும் உணர்ந்துவிடுகிறது. உடனே தாகத்தைத் தூண்டுகிறது. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனையும் சுரக்கச் செய்கிறது. அதன் ஆணைப்படி நம் சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 50-இலிருந்து 1200 வரை ஊசலாடும். இரத்தத்தின் எண் நிலையாக நிற்பதற்குச் சிறுநீரின் எண் ஓடியாட வேண்டியிருக்கிறது.

இரண்டையும் ஒருசேர அளந்தால் கோளாறு எங்கே என்பது புலப்படும். நாளெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, குடம் குடமாகக் கழிக்கும் ஒருவர் வருகிறார். இரத்தத்தில் சர்க்கரையோ சரியாக இருக்கிறது. மருத்துவர் தம் கண்காணிப்பிலேயே அவருக்குச் சில மணி நேரம் தண்ணீரை நிறுத்திப் பார்க்கிறார். நலமுள்ளவராயின் சிறுநீர் செறிந்து 800-ஐயும் தாண்டும். இவருக்கோ இரத்தம் 295-ஐக் கடந்தும் சிறுநீர் 300-க்குக் கீழேயே நிற்கிறது. பிறகு அந்த ஹார்மோனை ஒத்த மருந்தைக் கொடுக்கிறார்கள். சிறுநீர் செறியத் தொடங்கினால் ஹார்மோன் சுரக்கவில்லை, குறை மூளைப் பக்கம். அப்போதும் செறியவில்லையானால் ஆணை வந்தும் சிறுநீரகம் கேட்கவில்லை. கத்தியின்றிப் படமின்றி, இரண்டு எண்களைக் கொண்டே தலைக்கும் இடுப்புக்கும் இடையே வழக்குத் தீர்க்கிறார்கள்!

கருவி

இரத்தத்தின் உறைநிலையை அளந்து சிறுநீரக நோயை ஆராயும் முறையை 1890-களில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் சாண்டோர் கொரான்யி புகுத்தினார். அந்நாளில் அதற்கு நுண்ணிய பாதரச வெப்பமானியும் நிறைந்த பொறுமையும் வேண்டியிருந்தன. இன்றைய ஆஸ்மோமீட்டர் மேசைமேல் அடங்கும் பெட்டி. ஒரு மில்லிலிட்டரில் சிறு பங்கு இரத்தநீர் போதும். சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

ஆனால் அது வேலை செய்யும் விதத்தில் ஓர் அழகு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இரத்தநீரை மெல்லக் குளிர்வித்து −0.54-இல் உறைகிறதா என்று பார்த்தால் உறையாது. அசைவற்றுக் குளிரும் நீர்மம், உறைநிலையைத் தாண்டியும் பல டிகிரி நீராகவே இறங்கிச் செல்லும். இதுவே மீக்குளிர்வு. கருவி அதை வேண்டுமென்றே சில டிகிரி கீழே இறங்கவிட்டு, பிறகு ஒரு சிறு அதிர்வு கொடுக்கிறது. கணப்பொழுதில் நுண்ணிய பனித்துகள்கள் குழாய் எங்கும் பூக்கின்றன. உறையும் நீர் தன் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் குளிர்ந்துகொண்டிருந்த இரத்தநீர் திடீரென்று சூடேறுகிறது! ஏறி ஏறி, பனியும் நீரும் சமநிலையில் நிற்கும் அந்த ஒரே வெப்பநிலையில் வந்து சற்று நேரம் அசையாமல் நிற்கும். தெர்மிஸ்டர் என்னும் மின் வெப்பமானி அதைப் படித்துக்கொள்கிறது. 2 மில்லிஆஸ்மோல் வேறுபாட்டைக் காண வேண்டுமாயின் ஆயிரத்தில் நான்கு பங்கு டிகிரி வரை துல்லியம் வேண்டும். கருவியின் விலை அந்தத் துல்லியத்துக்கே.

கணக்கும் அளவையும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இரத்தத்தில் எண்ணிக்கையில் மிகுந்த துகள்கள் எவை என்பது நமக்கு முன்பே தெரியும். சோடியம் அயனியே முதன்மையானது. இரத்தம் மின்னேற்றம் அற்றது. ஆகவே ஒவ்வொரு சோடியத்துக்கும் குளோரைடோ பைகார்பனேட்டோ ஓர் எதிர் அயனி துணையாக இருந்தே தீர வேண்டும். எனவே சோடியத்தை இரண்டால் பெருக்கிவிடலாம். மீதிக்குக் குளுக்கோசும் யூரியாவும். இம்மூன்றையும் சாதாரண ஆய்வுக்கூடமே அளந்து கொடுக்கும். குளுக்கோசும் யூரியாவும் 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும்; அவற்றை முறையே 18-ஆலும் 6-ஆலும் வகுத்தால் மில்லிஆஸ்மோலாகும்.

சோடியம் 140, குளுக்கோஸ் 90, யூரியா 30 உள்ள ஒருவருக்குக் கணக்குப் போடுங்கள்: 280 + 5 + 5 = 290. கருவியில் வைத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வரும்.

இது எப்படி இவ்வளவு பொருந்துகிறது என்று கூர்ந்த மாணவர் கேட்கலாம். பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றை விட்டுவிட்டோம். அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் இரண்டு துகள் இரண்டாகவே எண்ணப்படுவதில்லை. நூற்றுக்கு ஏழு பங்கு குறைகிறது. மறுபுறம், இரத்தநீரில் உண்மையான நீர் நூற்றுக்கு 93 பங்குதான். அதனால் நீரில் செறிவு ஏறத்தாழ அதே அளவு கூடுகிறது. ஒரு பிழையை மற்றொரு பிழை சரிக்கட்டிவிடுகிறது. தேர்வில் இப்படி விடை வந்தால் நான் முழு மதிப்பெண் கொடுக்கமாட்டேன். மருத்துவருக்கு இது போதும்.

சில நோய்களைக் காட்டக் கணக்கே போதுமானது. வயது முதிர்ந்த சர்க்கரை நோயாளி ஒருவர் நினைவு தடுமாறிக் கொண்டுவரப்படுகிறார். குளுக்கோஸ் 900 என்றால் அது மட்டுமே 50 மில்லிஆஸ்மோல். மொத்தம் 320-ஐத் தாண்டி நிற்கும். மூளை நீரிழந்து சுருங்கியிருக்கிறது என்பது உடனே விளங்கும்.

ஆனால் கணக்கும் கருவியும் ஒத்துப்போகாத வேளையே சுவையானது. கணக்கு, நமக்குத் தெரிந்த துகள்களை மட்டும் எண்ணுகிறது. கருவியோ யாராயிருந்தாலும் தலையை எண்ணிவிடுகிறது. கருவி காட்டுவது அதிகமாகவும் கணக்குக் குறைவாகவும் இருந்தால், அழைப்பில்லாத விருந்தாளி யாரோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறான் என்று பொருள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆஸ்மோல் இடைவெளி என்பர். பெரும்பாலோர்க்கு அது 10-க்கு மேல் போவதில்லை.

காரைக்கால், 2022

அந்த விருந்தாளியைப் பார்ப்பதற்கு முன், இச்சோதனை எதைச் சொல்லாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு நம் மாவட்டமே சான்று. 2022 கோடையின் முடிவில் காரைக்காலில் வாந்திபேதி பரவி, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருக்குக் காலரா என்று உறுதியாயிற்று. ஜூலை 3 அன்று புதுச்சேரி அரசு மாவட்டத்தில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது, பள்ளிகள் மூடப்பட்டன.

காலராவில் உடல் மணிக்கணக்கில் லிட்டர் லிட்டராக நீரை இழக்கிறது. கண் குழிந்து, நாடி தளர்ந்து கிடக்கும் அந்த நோயாளியின் இரத்த ஆஸ்மோலாலிட்டியை அளந்தால், பல வேளைகளில் அது 290-ஐ ஒட்டியே இருக்கும்! வெளியேறியது வெறும் நீரன்று, ஏறத்தாழ இரத்தத்தின் செறிவிலேயே உப்பும் நீரும் கலந்தது. பாத்திரம் பாதியாகிவிட்டது, ரசத்தின் உப்பு மட்டும் மாறவில்லை. ஆகவே இங்கே கருவியை நம்பி உட்காராமல், நாடியையும் தோலையும் நாக்கையும் பார்க்கும் மருத்துவரின் கண்ணும் கையுமே வழிகாட்ட வேண்டும்.

ஆயினும் மருந்தில் ஆஸ்மோல் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 1975 முதல் லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோல் தரும் வகையில் வகுக்கப்பட்டிருந்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் அதை 245-ஆகக் குறைத்தது: சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருப்பதால் குடலிலிருந்து நீர் எளிதாக உள்ளே இழுக்கப்படுகிறது. பொட்டலத்தை ஒரு லிட்டருக்குப் பதில் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்கள், இந்தக் கூட்டலை நாலைந்து மடங்காக்கி, நீரைத் திரும்பவும் குடலுக்குள் இழுத்துவிடுகிறார்கள்.

அழைப்பில்லாத விருந்தாளி

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரிலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனைகள் நிரம்பின. இரண்டு இடங்களிலும் கொன்றது மெத்தனால். சாயம், வார்னிஷ், பிளாஸ்டிக் தொழில்களில் பயன்படும் ஆலைப்பொருள் அது. மணத்திலும் தோற்றத்திலும் குடிக்கும் எத்தனாலுக்கும் இதற்கும் சாதாரண மனிதர் வேறுபாடு காண முடியாது.

மெத்தனால் தானே பெரிய நஞ்சன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது; அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான். அதுவே கண் நரம்பை அழித்து, செல்களின் மூச்சை அடைத்து, இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. குடித்த 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக எதுவும் தெரியாமலும் இருக்கலாம். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்முன் எங்கும் வெண்புகை. கள்ளக்குறிச்சியில் முதற் சாவுகள் நேர்ந்தபோது, காரணம் சாராயமா, வயிற்றுப்போக்கு முதலிய வேறு நோயா என்ற குழப்பம் இருந்தது நினைவிருக்கலாம். வயிற்றுவலியும் வாந்தியும் மட்டுமே முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் எழக்கூடியதே. ஆனால் அந்த மணி நேரங்களே விலைமதிப்புள்ளவை. நொதியைத் தடுத்துவிட்டால் நஞ்சு பிறப்பதே நின்றுவிடும். ஃபோமெபிசோல் என்ற மருந்து அதைச் செய்கிறது. அது கிடைக்காத இடத்தில் தூய எத்தனாலையே அளந்து கொடுப்பதுண்டு. நொதி எத்தனாலையே முதலில் விரும்பிப் பற்றுவதால், மெத்தனால் மாறாமலே காத்துக்கிடக்கும். அதற்குள் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் அதை வெளியேற்றிவிடலாம்.

இரத்தத்தில் மெத்தனாலை நேராக அளக்க வாயு வண்ணப்பிரிகைக் கருவி வேண்டும். அது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு உரியது. முடிவு வர நேரமாகும். அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவருக்கு உறைநிலை கைகொடுக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு: சோடியம் 138, குளுக்கோஸ் 108, யூரியா 36. கூட்டினால் 276 + 6 + 6 = 288. கருவி காட்டுவதோ 338. இடைவெளி 50! ஆல்புமினையும் மெத்தனாலையும் ஒப்பிட்டது நினைவிருக்கிறதா? சில கிராம் புரதம் கூடியதால் இப்படி 50 துகள் கூடாது. மூலக்கூறு சிறியதாகவும், லிட்டருக்குக் கிராம் கணக்கிலும் உள்ள ஏதோ ஒன்றுதான் இதைச் செய்ய முடியும். மெத்தனால் என்று கொண்டால், 50-ஐ 3.2-ஆல் பெருக்க, 100 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம். வெப்பமானியின் மொழியில் சொன்னால், −0.536-இல் உறைய வேண்டிய இரத்தநீர் −0.629-இல் உறைந்தது. ஓர் உயிர் பற்றிய தீர்ப்பு, பத்தில் ஒரு பங்கு டிகிரிக்கும் குறைவான இடத்தில் அடங்கியிருக்கிறது.

குடித்தவர் சாராயத்தில் எத்தனாலும் இருந்திருக்கலாம். அதுவும் சிறிய மூலக்கூறே, அதுவும் இடைவெளியைக் கூட்டும். ஆகவே எத்தனாலைத் தனியே அளந்து அதன் பங்கைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகும் எஞ்சி நிற்பதே ஐயத்துக்குரியது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாத கட்டுரை தீமை செய்யும். இடைவெளி பெரிதாக இருந்தால் நம்பலாம். சிறிதாக இருந்தால் மெத்தனால் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒருவருக்கு இயல்பிலேயே இடைவெளி −10 ஆக இருக்கலாம். அவர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மெத்தனால் ஏறினால் 16 கூடி, 6 என்று காட்டும். பார்ப்பவர் இயல்பு என்று சொல்லிவிடுவார். ஆனால் 20 மில்லிகிராம் இருந்தாலே மாற்றுமருந்தைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் எல்லை.

இன்னொன்று, நேரம். மெத்தனால் மூலக்கூறு ஒன்று ஃபார்மிக் அமிலமாகும்போது, அந்த அமிலத்தைச் சமன் செய்ய ஒரு பைகார்பனேட் அழிந்து, கரியமில வாயுவாகி மூச்சில் போய்விடுகிறது. அது நின்ற இடத்தில் ஃபார்மேட் அயனி வந்து சோடியத்தின் துணையாக நிற்கிறது. சோடியத்தின் துணையை நாம் ஏற்கெனவே இரண்டால் பெருக்கி எண்ணிவிட்டோமே! ஆகவே கருவியும் கணக்கும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. இடைவெளி மூடிக்கொள்கிறது, நோயாளியோ முன்னைவிட மோசமாக இருக்கிறார். அப்போது பார்க்க வேண்டியது வேறோர் இடைவெளி: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் எஞ்சுவது. இயல்பில் 12-ஐ ஒட்டி இருக்கும் அது, ஃபார்மேட் சேரச் சேர உயர்ந்துகொண்டே போகும். குடித்தவுடன் வந்தவரிடம் முதல் இடைவெளி பெரிது, இரண்டாவது சிறிது. ஒரு நாள் கழித்து வந்தவரிடம் முதலாவது சிறிது, இரண்டாவது பெரிது. நடுவில் வந்தவரிடம் இரண்டும் தெரியும். எப்போது குடித்தார் என்று சொல்லத் தெரியாத நிலையில் இருப்பவருக்காக அவருடைய இரத்தமே நேரம் சொல்கிறது எனலாம்.

கருவியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆஸ்மோமீட்டர்களில் ஆவியழுத்தத்தைக் கொண்டு அளக்கும் மற்றொரு வகையும் உண்டு. கரைபொருள் சேர்ந்தால் நீரின் ஆவியழுத்தம் குறையும் என்பது அதன் அடிப்படை. பல வேலைகளுக்கு மிக நல்ல கருவி. ஆனால் மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிப்பது; தானே ஆவியாகி அழுத்தத்தைக் கூட்டிவிடும். விருந்தாளி பின்வாசல் வழியே போய்விட, கருவி பந்தியில் யாரும் கூடுதலாக இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே சாராய நஞ்சு என்று ஐயம் வந்தால் உறைநிலைக் கருவியையே கேட்டு வாங்க வேண்டும். இரத்தம் எடுத்த குழாயை இறுக மூடி உடனே அனுப்ப வேண்டும். சோடியம், குளுக்கோஸ், யூரியா மூன்றையும் அதே வேளையில் எடுத்த இரத்தத்திலேயே பார்க்க வேண்டும். மருந்தாக எத்தனால் கொடுப்பதாயின், கொடுப்பதற்கு முன்பே இரத்தத்தை எடுத்துவிடுவது நல்லது. முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைப்பதில்லை.